முதல் செகண்ட் எங்கே போனது?

போன இதழில் ஒரு பதிலின் நடுவே, 'செகண்ட் என்றால் இரண்டாவது, செகண்ட் என்றால் விநாடி' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சரி, இந்த முறை அதற்கே இடம் கொடுத்துவிடலாம் என்று மற்ற கேள்விகளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன். என் அப்பா திண்டுக்கல்லில் வாட்ச் ரிப்பேர் பெட்டிக்கடை வைத்திருந்தவர். செகண்ட் முள்ளோடு எனக்குச் சின்ன வயதுப் பழக்கம் உண்டு. பேச்சு கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆறாவது படிக்கும் என் மகள், "செகண்ட்னா ரெண்டாவதுன்னா, அப்ப ஃபர்ஸ்ட் எதும்மா?" என்று கேட்கிறாள். என்ன சொல்வது சார்?
– விழுப்புரம் வாசகி

பதில்: "ஃபர்ஸ்ட் என்பது மினிட்தான்" என்று சொல்லுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதுதான் நேரான பதில்.

எங்கள் பாட்டி திருகையில் அரிசி உடைப்பாள். ஒரு சுற்றுக்கு வருவது குருணை. அந்தக் குருணையை மறுபடி போட்டு உடைத்தால் நொய். காலத்தையும் இப்படித்தான் இரண்டு தடவை உடைத்தார்கள். முதல் உடைப்பில் வந்ததற்கு லத்தீனில் 'பார்ஸ் மினூட்டா ப்ரீமா' என்று பெயர்: முதல் சன்னப் பகுதி. இரண்டாம் உடைப்பில் வந்தது 'பார்ஸ் மினூட்டா செகுண்டா': இரண்டாம் சன்னப் பகுதி. மினூட்டா என்றால் சின்னது, பொடியானது என்றுதான் பொருள்.

இவ்வளவு நீளப் பெயரை யார் தினமும் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? ஹோட்டலில் சர்வர் உள்ளே பார்த்து "ரெண்டு சாதா, ஒரு நெய்" என்று குரல் கொடுக்கிறார். தோசை என்ற வார்த்தை வரவே இல்லை, ஆனாலும் தோசை வந்துவிடுகிறது. அதே கதைதான். முதல் பெயரில் 'ப்ரீமா' உதிர்ந்து 'மினூட்டா' நின்றது, மினிட் ஆனது. இரண்டாவதில் 'மினூட்டா' உதிர்ந்து 'செகுண்டா' நின்றது, செகண்ட் ஆனது. ஒன்றில் எண் போயிற்று, மற்றதில் பொருள் போயிற்று. உங்கள் மகள் கேட்டது, உதிர்ந்துபோன அந்த ப்ரீமாவைத்தான். கெட்டிக்காரப் பெண்.

ஒவ்வொரு தடவையும் அறுபதாக உடைப்பானேன் என்று அடுத்த கேள்வி வரும். அது பாபிலோனியர் கணக்கு. நமக்குப் பத்து எப்படியோ அவர்களுக்கு அறுபது அப்படி. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று எதைக் கொண்டு வகுத்தாலும் அறுபதில் மிச்சம் வராது. நூறை மூன்றாகப் பங்கு போட்டுப் பாருங்கள், அருமை தெரியும். கிபி 2ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாண்ட்ரியாவில் இருந்த தாலமி என்ற வானியல் அறிஞர் இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு வட்டத்தின் டிகிரியை அறுபதாகவும், அதை மறுபடி அறுபதாகவும் பிரித்தார். கவனியுங்கள், முதலில் உடைபட்டது வட்டம். மணி நேரத்துக்கு அந்த உடைப்பு பிற்பாடுதான் வந்தது.

அட்லஸில் இன்றைக்கும் இதைப் பார்க்கலாம். திண்டுக்கல் இருப்பது ஏறக்குறைய பத்து டிகிரி இருபத்திரண்டு மினிட் வடக்கில். இது கடிகார மினிட் இல்லை, அட்சரேகை மினிட். வடக்கே ஒரு மினிட் நகர்ந்தால் சுமார் 1,852 மீட்டர், அதாவது ஒரு கடல் மைல். ஒரு செகண்ட் நகர்ந்தால் 31 மீட்டர். அப்பாவின் கடையிலிருந்து டீக்கடைக்கு அவ்வளவு தூரம்தான் இருக்கும். "டீ ஒரு செகண்டுல வந்துரும்" என்று அவர் சொன்னது ஒரு வகையில் சரிதான் போலிருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. செகண்ட் என்ற சொல் 14ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது. அதைக் காட்டக்கூடிய கடிகாரம்தான் இல்லை. இங்கிலாந்தில் சாலிஸ்பரி தேவாலயத்தில் 1386 வாக்கில் செய்ததாகச் சொல்லும் கடிகாரம் ஒன்று இருக்கிறது. அதற்கு முகமே கிடையாது. முள் இல்லை, எண் இல்லை, மணிக்கு மணி அடிப்பதோடு சரி. அந்தக் காலத்துக் கடிகாரங்கள் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் முன்னே பின்னே ஓடும். அதில் செகண்ட் முள்ளை வைத்து என்ன செய்வது? 1656இல் நெதர்லாந்தின் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் பெண்டுலம் கடிகாரத்தை உருவாக்கிய பிறகுதான் மினிட் முள்ளும் செகண்ட் முள்ளும் நம்பகமாகப் பரவலாயின. அதுவரை செகண்ட் என்பது பெரும்பாலும் வானியல்காரர்களின் ஏட்டுக் கணக்கில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மகளோடு ஒரு வேலை செய்து பாருங்கள். ஒரு நூலில் கனமான நட் ஒன்றைக் கட்டி, கட்டிய இடத்துக்கும் நட்டின் நடுவுக்கும் 99 சென்டிமீட்டர் இருக்கும்படி ஜன்னல் கம்பியில் தொங்கவிடுங்கள். லேசாக ஆட்டிவிட்டால், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக ஒரு செகண்ட். திரும்பி வர இன்னொரு செகண்ட். நட் பெரிதா சின்னதா என்பது கணக்கே இல்லை, நூலின் நீளம்தான் எல்லாம். முப்பது தடவை எண்ணிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் அரை நிமிடம் ஆகியிருக்கும்.

கேள்வி: குவைத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே அரபிகள் மினிட்டை 'தகீகா' என்கிறார்கள், செகண்டை 'தானியா' என்கிறார்கள். தானியா என்றாலும் இரண்டாவதுதானாமே? ஆங்கிலத்தைப் பார்த்து இவர்கள் வைத்துக்கொண்டதா?
– குவைத் வாசகர்

பதில்: நீங்கள் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். தாலமியின் நூல் கிரேக்கத்திலிருந்து அரபிக்குப் போனது. அங்கே அதைக் கரைத்துக் குடித்தவர்கள் நூற்றுக்கணக்கான வருடம் வேலை செய்தார்கள். அப்புறம் 1175இல் ஸ்பெயினின் டொலேடோ நகரில் ஜெரார்ட் என்ற இத்தாலியர் அந்த நூலை அரபியிலிருந்து லத்தீனுக்கு மொழிபெயர்த்து முடித்தார். ஐரோப்பா தாலமியைப் படித்ததே பெரும்பாலும் அந்த அரபி வழியாகத்தான். தகீகா என்றால் நுண்ணியது, சன்னமானது என்று பொருள். மினூட்டாவும் அதேதான். தானியா என்றால் இரண்டாவது. அப்படியே செகுண்டா.

இன்னொன்றும் சொல்கிறேன், அறையில் நண்பர்களிடம் கேட்டு மடக்கலாம். செகண்டோடு இவர்கள் நிறுத்தவில்லை. செகண்டை அறுபதாக உடைத்து 'மூன்றாவது', அதையும் அறுபதாக உடைத்து 'நான்காவது' என்று போனார்கள். நம் வரலாற்றுப் பாடத்தில் வருவாரே, இந்தியாவுக்கு வந்து இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி, அவர் 1000ஆம் ஆண்டு வாக்கிலேயே அமாவாசைக்கும் அமாவாசைக்கும் உள்ள இடைவெளியை இப்படி எழுதியிருக்கிறார். இங்கிலாந்தின் ரோஜர் பேக்கன் 1267இல் பௌர்ணமி நேரங்களை நான்காவது வரைக்கும் இறங்கிக் கணக்கிட்டார். பார்க்க ஒரு கடிகாரம் கிடையாது கையில்!

மூன்றாவதும் நான்காவதும் நிலைக்கவில்லை. செகண்டுக்குக் கீழே நாம் இப்போது பத்தால் வகுக்கிறோம்: மில்லி செகண்ட், மைக்ரோ செகண்ட். மேலே பாபிலோன், கீழே மெட்ரிக். ஒரே கடிகாரத்தில் இரண்டு ராஜ்ஜியம்.

கேள்வி: மினிட் என்பதிலிருந்துதான் மினி பஸ் வந்ததா?
– சேலம் வாசகர்

பதில்: வந்திருக்க வேண்டும் போலத்தான் தோன்றும், ஆனால் இல்லை. மினி என்பது மினியேச்சர் என்பதன் சுருக்கம். மினியேச்சர் வந்தது 'மினியம்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து. மினியம் என்றால் செந்தூரம் மாதிரியான ஒரு சிவப்புச் சாயம். அந்தக் காலத்துக் கையெழுத்துப் பிரதிகளில் முதலெழுத்தையும் படங்களையும் அந்தச் சாயத்தால் தீட்டுவார்கள். படங்கள் சின்னதாக இருந்ததால் சாயத்தின் பெயரே சின்னதுக்குப் பெயராகிவிட்டது.

மினிட்டுக்கு நிஜமான பங்காளி உங்கள் ஊர் ஹோட்டல் மேஜையில் கிடக்கிறது: மெனு. பொடிப்பொடியாக, ஒன்று விடாமல் எழுதிய பட்டியல் என்று பொருள். சங்கக் கூட்டங்களில் எழுதுகிற மினிட்ஸ் நோட்டும் அதே குடும்பம்தான், நேரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: பழைய பொருளுக்கு ஏன் செகண்ட் ஹேண்ட்? திருப்பூரில் நாங்கள் தையல் பிசகிய சட்டையை செகண்ட்ஸ் என்கிறோம். தீர்மானத்தை ஆதரித்தாலும் செகண்ட் செய்தார் என்கிறார்கள். ஒரே வார்த்தை எத்தனை வேலைதான் செய்யும்?
– திருப்பூர் வாசகர்

பதில்: முதலில் ஒரு கடைக் கதை. எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். நர்சிங் படிக்கிற பெண் ஒருத்தி கடைக்கு வந்தாள். "அண்ணே, செகண்ட் ஹேண்ட் வாட்ச் வேணும்." அப்பா கண்ணில் செருகியிருந்த லென்ஸைக் கழற்றாமலே பழைய வாட்ச் தட்டை எடுத்து முன்னால் வைத்தார். அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. "பழசு வேணாம்ண்ணே. புதுசுதான் வேணும். செகண்ட் ஹேண்ட் புதுசு." அப்பா லென்ஸைக் கழற்றி அவளை ஒரு தடவை பார்த்தார். "புதுசுல ஏதும்மா செகண்ட் ஹேண்டு? இன்னொருத்தர் கட்டுனாத்தான செகண்ட் ஹேண்டு?" அவளுக்கு வேண்டியிருந்தது செகண்ட் முள் உள்ள வாட்ச், நாடி பார்க்க. வகுப்பில் ஆங்கிலத்தில் எழுதிப் போட்டதை அப்படியே கொண்டுவந்திருக்கிறாள். நாம் முள் என்கிறோம், அவர்கள் கை என்கிறார்கள். அதில் வந்த வினை. கடைசியில் ஒரு ஹெச்எம்டி ஜனதா வாங்கிக்கொண்டு போனாள்.

நாடி பார்க்க செகண்ட் வேண்டும் என்று பட்டது இங்கிலாந்தில் ஜான் ஃப்ளாயர் என்ற மருத்துவருக்கு. 1707இல் அவர் எழுதிய நூல் நாடி எண்ணுவதற்கென்றே செய்த கடிகாரத்தைப் பற்றியது. சரியாக ஒரு நிமிடம் ஓடி நின்றுவிடும் கடிகாரம் அது. நர்ஸ் சட்டையில் தலைகீழாகக் குத்தியிருக்கும் வாட்சுக்கு ஒரு வகையில் தாத்தா.

இப்போது உங்கள் கேள்வி. செகுண்டுஸ் என்ற லத்தீன் சொல்லுக்கு 'பின்னால் வருவது' என்பதுதான் அடிப்படைப் பொருள். எண் அதற்கு அப்புறம். சீட்டாட்டத்தில் சீக்வன்ஸ் சேர்க்கிறோமே, அதே வேர். சினிமாவில் பாகம் இரண்டு எடுத்தால் சீக்வல், அதுவும் அதே. ஒருவர் கைக்குப் பின்னால் இன்னொருவர் கைக்கு வந்தால் செகண்ட் ஹேண்ட். முதல் தரத்துக்குப் பின்னால் தள்ளப்பட்ட சட்டை செகண்ட்ஸ். கூட்டத்தில் ஒருவர் சொன்னதன் பின்னால் நின்றால் செகண்டிங்.

இந்தக் கடைசிக்குத் தமிழில் 'வழிமொழிதல்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். வழி என்றால் பின் என்றும் பொருள் உண்டு. ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிகிறார். கலைச்சொல் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

ஆங்கிலக்காரர்களுக்கு இரண்டாவது என்பதற்குச் சொந்தச் சொல்லே ஒரு காலத்தில் 'அதர்'தான். ஃபர்ஸ்ட் அவர்கள் சொல், தேர்ட் அவர்கள் சொல், செகண்ட் மட்டும் பிரெஞ்சு வழியாக வந்த கடன். பழைய வழக்கு ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதற்கு 'எவ்ரி அதர் டே' என்கிறார்கள் அல்லவா, அந்த அதர் அதுதான்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் நாங்கள் பாடசாலையில் 'செக்கன்' என்றுதான் எழுதினோம். உங்கள் பக்கம் 'விநாடி' என்கிறீர்கள். விநாடி என்பது உண்மையில் 24 செக்கன் என்று எங்கள் பெரியப்பா சொல்வார். ஐயா போன இதழில் எழுதியது பிழைதானே?
– யாழ்ப்பாண வாசகர்

பதில்: பெரியப்பா சொல்வதுதான் சரி. பஞ்சாங்கக் கணக்கில் ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை. அந்த விநாழிகைக்குத்தான் விநாடி என்றும் பெயர். நாழிகை 24 நிமிடம் என்றால் விநாடி 24 செகண்ட். நம்முடைய கணக்கிலும் அறுபது அறுபதாகத்தான் உடைகிறது பாருங்கள். அவர்கள் மணி நேரத்தை உடைத்தார்கள், நாம் நாளையே நேராக உடைத்தோம். பிற்பாடு பாடப்புத்தகம் எழுதியவர்கள் செகண்டுக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும் என்று விநாடியைத் தூக்கி அங்கே வைத்துவிட்டார்கள். 24 செகண்டாக இருந்தது ஒரு செகண்டாகச் சுருங்கிவிட்டது. ஜாதகம் கணிப்பவர்களுக்கு இன்னும் பழைய விநாடிதான். ஒரே சொல், இரண்டு அளவு. அந்தக் குழப்பம் உங்கள் செக்கனில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் எனக்குப் பிடித்தது இரண்டும் இல்லை, 'நொடி'. விரலை நொடிக்கிற நேரம். எழுத்தின் மாத்திரைக்குத் தொல்காப்பியம் சொல்லும் அளவு இரண்டு: கண் இமைப்பது ஒன்று, விரல் நொடிப்பது ஒன்று. நிமிடம் என்பதற்கு மூலமான நிமிஷமும் வடமொழியில் கண்ணிமைக்கும் நேரம்தான். இமைக்கிற நேரத்தை இழுத்து அறுபது செகண்ட் ஆக்கிவிட்டோம், 24 செகண்டைச் சுருக்கி ஒன்றாக்கிவிட்டோம். பாடப்புத்தகம் போட்ட கணக்கு இது!

மணி விஷயத்தில் மட்டும் நாமும் ஆங்கிலக்காரரும் ஒன்று. மணி அடித்து நேரம் சொன்னதால் நேரத்துக்கே மணி என்று பெயர் வந்தது. அவர்களின் கிளாக் என்ற சொல்லுக்கும் ஆதிப் பொருள் மணிதான். ஜெர்மனில் க்ளோக்கெ என்றால் இன்றும் கோயில் மணி. முகமில்லாத அந்த சாலிஸ்பரி கடிகாரத்தை மணி என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

கேள்வி: ஒரு நாளுக்கு 86,400 செகண்ட் என்று படித்தோம். சில நாட்களுக்கு 86,401 உண்டு என்று நண்பர் பந்தயம் கட்டுகிறார். நான் கட்டலாமா?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: கட்டாதீர்கள், தோற்பீர்கள். 1967 முதல் செகண்டைப் பூமியைக் கொண்டு அளப்பதில்லை. சீசியம் அணு விடும் குறிப்பிட்ட ஒரு கதிர்வீச்சு 9,192,631,770 தடவை அதிரும் நேரம் ஒரு செகண்ட் என்று வைத்துவிட்டார்கள். அணு தவறாது. பூமி அப்படி இல்லை, நிலவின் இழுப்பாலும் வேறு காரணங்களாலும் சுற்றும் வேகம் கொஞ்சம் மாறிக்கொண்டே இருக்கும். இரண்டையும் ஒட்டவைக்க 1972 முதல் அவ்வப்போது ஒரு செகண்டைச் சேர்த்தார்கள், மொத்தம் 27 தடவை. கடைசியாகச் சேர்த்தது 2016 டிசம்பர் 31 நள்ளிரவு, லண்டன் கணக்கில். நமக்கு அது 2017 ஜனவரி 1 விடிகாலை. 5 மணி 29 நிமிடம் 59 செகண்டுக்குப் பிறகு 60 என்று ஒன்று வந்து, அதற்கப்புறம்தான் ஐந்தரை ஆனது. புத்தாண்டு என்று இரவெல்லாம் விழித்திருந்த யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கம்ப்யூட்டர்காரர்களுக்கு இது பெரிய தலைவலி என்பதால் 2035க்குள் இந்த வழக்கத்தை மாற்றிவிடுவது என்று 2022இல் முடிவாகியிருக்கிறது.

செகண்டுக்கு ஒரு 'டிக்' என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். அது பேட்டரி வாட்சின் வழக்கம். சாவி கொடுக்கிற ஜனதாவைக் காதில் வைத்துக் கேளுங்கள், செகண்டுக்கு ஐந்து தட்டு. அதனால்தான் அதன் செகண்ட் முள் தாவாமல், வழுக்கிக்கொண்டு போவது போலத் தெரியும். அந்த முள்ளின் கனம் தலைமுடிதான். சாமணத்திலிருந்து நழுவி விழுந்தால் அப்பா கையைத் தூக்கிவிடுவார். கடைக்கு முன்னால் யாரும் அசையக் கூடாது. அவர் குனிந்து, தரையில் கன்னம் படுகிற மாதிரி சாய்ந்து, ஓரப் பார்வையில் மினுங்குகிறதா என்று தேடுவார். அந்த நேரத்தில் ஒரு செகண்ட் எவ்வளவு என்று என்னைக் கேட்டிருந்தால் அரை மணி என்றிருப்பேன்.

கேள்வி: ஒரு அலுவலகத்தில் "ஒரு செகண்ட் இருங்க" என்று எழுந்து போனவர் அரை மணி கழித்துத்தான் வந்தார். இதற்கு ஆங்கிலத்தில் வேறு வார்த்தை இல்லையா?
– கரூர் வாசகி

பதில்: அடுத்த முறை 'ஒரு மொமென்ட்' என்று சொல்லச் சொல்லுங்கள். இடைக்கால ஐரோப்பாவில் மொமென்ட் என்பது ஒரு மணியில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது ஒன்றரை நிமிடம். அவருக்குக் கொஞ்சம் தாராளமாகவே நேரம் கிடைக்கும். அப்போதும் அரை மணி ஆனால், இருபது மொமென்ட் ஆயிற்று என்று நீங்கள் கணக்குச் சொல்லலாம்.